பெரியப்பாவின் அட்டை

விடுமுறை தொடங்கி இரண்டாம் நாளே விலங்குக் காப்பகத்தின் வாசலில் கார்கள் வரிசைகட்டிவிட்டன. பதினைந்து நாள் பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளைகளின் அட்டகாசம் தாங்கவில்லை, ஒரு நாயைக் கையில் கொடுத்துவிட்டால் அப்பாடா என்று உட்காரலாம். ஊரிலுள்ள பெற்றோர் அத்தனை பேரும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த திட்டம் இது.

அங்கே ஒவ்வொரு கூண்டின் மேலும் ஓர் அறிமுக அட்டை தொங்கும். அதை எழுதுகிறவளை எல்லோரும் அட்டை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பொய்க்கு அஞ்சாத கை. ஓயாமல் குரைத்து உயிரை வாங்கும் நாய்க்கு ‘பேச்சுத்துணைக்கு ஏற்றது’ என்று எழுதுவாள். சோபாவைக் குதறியதற்கு ‘சுறுசுறுப்பு, கைவேலையில் ஆர்வம்’. கட்டிலுக்கடியை விட்டு வெளியே வராத பூனை அவள் அட்டையில் ‘அடக்கமான சுபாவம், குடும்பப் பாங்கு’ ஆகிவிடும். மேலாளருக்கு அவளை நினைத்து ஏகப் பெருமை.

ஒரே ஓர் அட்டையில் மட்டும் அவள் உண்மையை எழுதியிருந்தாள்.

அது பெரியப்பாவின் அட்டை. பெரியப்பா என்பது பன்னிரண்டு வயதுக் கிழட்டு நாய். யார் வந்தாலும் எழுந்திருக்காது. தலையை மட்டும் தூக்கி, ‘இப்பதான் வழி தெரிஞ்சுதா’ என்பதுபோல் பார்த்துப் பெருமூச்சு விடும். அட்டை அக்காவுக்கு அதன்மேல் உயிர். வீட்டுக்குக் கொண்டுபோக எட்டு மாதமாகக் கணவரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். “லீவு முடியட்டும், பாக்கலாம்” என்பார் அவர். எந்த லீவு என்று சொன்னதில்லை.

அதற்குள் வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் அவள் பேனா திடீரென்று நேர்மையானது. ‘குறட்டை விடும். காது மந்தம். மழை பெய்தால் வெளியே போகாது, உள்ளேயே காரியத்தை முடித்துவிடும். சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நாம் நகர்ந்ததும் சாப்பிடும். கொஞ்சினால் பிடிக்காது.’ ஒன்றே ஒன்றை மட்டும் எழுதாமல் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அதைப் படித்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்கள். விடுமுறையின் கடைசி நாளில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். அட்டையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“மத்த அட்டையெல்லாம் கல்யாணத் தரகர் எழுதின மாதிரி இருக்கும்மா. இது ஒண்ணுதான் கூடக் குடித்தனம் பண்ணவங்க எழுதினது. இவரையே குடுங்க.”

“கடிக்கும் சார்.”

“பல்லே இல்லியே.”

“வீட்டம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“மழை சமாச்சாரம் ஒண்ண விட்டா இதுல இருக்கிறது அத்தனையும் எனக்கும் பொருந்தும். முப்பது வருஷமா வச்சுக்கிட்டுதான இருக்கா!”

மேலாளர் ஓடிவந்து முத்திரை குத்தினார். அட்டை அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் ஆனது. அதே கார்கள் அதே வரிசையில் திரும்பி வந்தன. படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தை அவளே நிரப்ப வேண்டியிருந்தது. பேச்சுத்துணை வாயை மூடவில்லையாம். கைவேலை மெத்தைவரை போய்விட்டதாம். அடக்கமான பூனையைப் பத்து நாளாக யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம். ஒவ்வொருவரும் திட்டத் திட்ட, அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வருகிறதே, பெரியப்பா மட்டும் வராமலா போய்விடும்? அன்று காலையில்தான் கணவர், “சரி, கூட்டிட்டு வந்து தொலை” என்றிருந்தார்.

மத்தியானம் டிரைவர் உள்ளே வந்தார். அவள் திருப்பி ஒப்படைக்கும் படிவத்தை எடுத்துப் ‘பெரியப்பா’ என்று எழுதியே விட்டாள். பிறகுதான் அவர் வெறுங்கையோடு நிற்பதைக் கவனித்தாள்.

“நாய் எங்க சார்?”

“வீட்லதாம்மா. எல்லாம் நீங்க எழுதின மாதிரியே இருக்கு. ராத்திரி மட்டும் தூங்க மாட்டேங்குது. கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு என்ன பண்றதுன்னு அட்டையில இல்லியாம், வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா.”

‘ஒத்துவரலன்னா கொண்டுவந்து விட்டுடுங்க.’ அவள் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“உங்களுக்கும் தூக்கம் கெடுதா சார்?”

“நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். அவதான் பாவம், அது பக்கத்துலயே பாயப் போட்டு முழிச்சு உக்காந்திருக்கா.”

அட்டை அக்கா பேனாவை மறுபடி எடுத்தாள். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில், தெளிவாகத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘இடது காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தால் தூங்கிவிடும்.’