வாயில்லாத மோட்டார்

கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் நான் ஓட்டிய, கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. மெஷின் லேசுப்பட்டதில்லை. மோட்டாரை நகரச் சொன்னால் நகரும். நிஜமாகவே நகர்ந்ததா என்று அதன் முதுகில் இருக்கும் சென்சார் திரும்பிச் சொல்லும். தப்பினால் மெஷின் தானாக நின்றுவிடும்.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் வீட்டில், மரப்பலகையில் எழுத்து வெட்ட நான் பூட்டிய மெஷினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய பிரிண்டரில் கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார். மரத்தில் கணு தட்டி அது நின்றுபோனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நகர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு அடுத்த எழுத்தை வெட்டும்.

"இதுக்கு வாய் கெடையாது புள்ள. நீதான் பாத்துச் சொல்லோணும்" என்று என் மனைவி சுகுணாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்.

கல்யாணம் கட்டி நாலு வருஷம். சேர்ந்து இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்தான். பெயர்ப்பலகை வேலை அமைந்தால் மலைக்கே வந்துவிடுவதாகப் பேச்சு. செம்மேட்டு மிளகு வியாபாரி சின்னுசாமி முதல் பலகை கேட்டிருந்தார். அதை நீ வெட்டிச் சரியாக வந்தால் வருவேன், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பெரிய இவன் மாதிரி.

அந்த வாரம் கோயம்புத்தூர் அறையில் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, வேறென்ன சொல்ல? பக்கத்து வீட்டுப் போனுக்கு அடித்து அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"பலகை எப்படிப் புள்ள வந்துச்சு?"



"நல்லா வந்துருச்சுங்க. நீங்க வாங்க."

மெஷின் சரி என்று சொன்னாலும் இன்னொரு தடவை அளந்து பார்க்கிற ஆள் நான். அவள் சொன்னதை அளக்கத் தோன்றவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்பினேன். பஸ் வளைவுக்கு வளைவு ஏற, ஞாயிறு சாயங்காலம் இனி இறங்க வேண்டியதில்லை என்று நினைக்கும்போதே கண் கலங்கியது.

வீட்டில் பலகை சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'சின்னு' வரை சுத்தம். அங்கே ஒரு கணு. அதற்குப் பிறகு வந்த 'சாமி', 'சின்னு'வின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்பறம் ஏம்புள்ள நல்லா வந்துச்சுன்னு சொன்னே?"

மெஷினில் வேறொரு பலகை பூட்டியிருந்தது, கணு இல்லாததாகப் பார்த்து. சுகுணா என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நல்லா வரலீன்னு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"