வடக்குக் காட்டில் ஒரு தமிழ்ப் பெயர்

பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் இருக்கும் வாமதேவனின் பலசரக்குக் கடையில் அன்று தேங்காய் மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழாவுக்கு இன்னும் ஆறே நாள். அவர் மூட்டைகளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தபோது மகள் லக்ஷனாவும் மருமகன் கீர்த்தனனும் உள்ளே வந்தார்கள். கலியாணம் முடிந்த முதல் கோடை விடுமுறை என்று, மூன்று கிழமை ரஷ்யாவின் வடக்குக் காடுகளுக்குள் காரில் சுற்றிவிட்டு, முந்தின நாள்தான் இருவரும் பாரிஸ் திரும்பியிருந்தார்கள்.

"ஊரிலை எல்லாரும் கலியாணம் முடிச்சு மாலைதீவு போகினம். நீங்கள் நுளம்புக்குச் சாப்பாடு போடப் போனியள்," என்றார் வாமதேவன். "இரத்தம் ஏதும் மிச்சம் இருக்கோ?"

"பாதி நுளம்பு குடிச்சுது மாமா. மிச்சத்தை ஒரு கிழவனார் எடுத்தவர்," என்றான் கீர்த்தனன். "குளிக்க வா எண்டு கூப்பிட்டு, ஆவி நிறைஞ்ச அறைக்குள்ளை இருத்தி, மரக்கிளையாலை முதுகிலை விளாசினார். பிறகு அவரே மீன் பொரிச்சுத் தந்தார். கோவிக்கவும் ஏலாமல் போச்சு."

வாமதேவன் வாய்விட்டுச் சிரித்தார். கீர்த்தனன் கைபேசியைக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். பீட்டர்ஸ்பர்க்கில் வாடகைக்கு எடுத்த கார், கண்ணாடி வரை சேறு. இரவு பதினொரு மணிக்கும் அணையாத வெயில். மரம் ஏற்றிய பார ஊர்திகள். வீதியோரம் வாளி வாளியாகக் காட்டுப்பழம் விற்கும் பெண்கள். புகைபோக்கிகள் துருப்பிடித்து நிற்கும் சிறு நகரம். அதன் பிறகு நூறு கிலோமீற்றருக்கு ஏரியும் காடும் தவிர வேறொன்றும் இல்லை.

இந்தக் காட்டை வாமதேவனும் ஒரு காலத்தில் கடந்தவர்தான். ஆனால் அப்போது எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர் பார ஊர்தியின் தார்ப்பாய்க்குள் படுத்திருந்தார். "ரஷ்யாப் பக்கத்தாலை வந்தனான்" என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு அவர் எதுவும் சொன்னதில்லை.

லக்ஷனா சிரிக்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். பருப்புச் சாக்குகளுக்குப் பக்கத்தில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?"

"கடையைக் கொஞ்சம் சாத்துங்கோ அப்பா."

கீர்த்தனன் போய்க் கதவைச் சாத்தினான். லக்ஷனா நின்றபடியே சொன்னாள். பயணத்தின் பதினோராம் நாள் கரேலியாக் காட்டுக்குள் கார்ச் சில்லு வெடித்தது. பக்கத்தில் பார ஊர்தி ஓட்டிகள் சாப்பிடும் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. அதை நடத்துகிற நீனா என்ற அம்மாள் இவர்களைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். தன் கைபேசியில் ரஷ்ய மொழியில் பேசி, அது மொழிபெயர்த்ததைக் காட்டினாள். 'உங்களைப் போன்ற ஒருவர் இங்கே இருக்கிறார். இத்தனை வருடமாக அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.'

"ஆரோ தமிழாக்கள் குடியிருக்கினம் எண்டு நினைச்சுப் பின்னாலை போனம். அவ கூட்டிக்கொண்டு போனது சவக்காலைக்கு."

லக்ஷனா தன் கைபேசியை நீட்டினாள்.

பைன் மரங்களுக்கு நடுவே நீலம் பூசிய மரச்சிலுவை. அடியில் கண்ணாடிக் குவளையில் மஞ்சள் பூ. குறுக்குப் பலகையில் வெள்ளை எழுத்து. ரஷ்ய எழுத்தல்ல. சிறு பிள்ளை பார்த்து வரைந்ததுபோல், சுழிகள் கொஞ்சம் கோணி, கொம்புகள் கொஞ்சம் நீண்டு, ஆனால் ஒரு எழுத்தும் விடுபடாமல்: வாமதேவன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"நீனாக்குத் தமிழ் தெரியாது அப்பா. அவவின்ரை மனுசன்தான் உடம்பைக் கண்டது. தொண்ணூற்று மூண்டு பெப்ரவரி நாலாந் திகதி விடிய, கடை வெளிச்சம் தெரியிற தூரத்திலை, மரத்தோடை சாய்ஞ்சபடி. முதல் நாள் இரவு செத்திருக்க வேணும் எண்டு சொன்னவையாம். ஜாக்கெட்டின்ரை உள்துணிக்குள்ளை ஒரு அட்டை. பொலிசுக்கு அதை வாசிக்கத் தெரியேல்லை, பேர் தெரியாத ஆள் எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டினம். பேரில்லாமல் ஒரு மனுசனைப் புதைக்கக் கூடாது எண்டு, அட்டையிலை இருந்த எழுத்தை நீனா பார்த்துப் பார்த்துக் கீறினவ. ஒவ்வொரு பனி முடியவும் திரும்பத் திரும்பப் பெயின்ற் அடிக்கிறவ."

அவள் கைப்பையைத் திறந்து, நீனா கொடுத்துவிட்ட துணிப் பொட்டலத்தைப் பிரித்து, மேசையில் வைத்தாள். பழைய இலங்கை அடையாள அட்டை. மூலையில் இருபத்துமூன்று வயது வாமதேவன், மெல்லிய மீசையோடு.

"இது உங்கடை அட்டை. நீங்கள் இஞ்சை இருக்கிறியள். அங்கை படுத்திருக்கிறது ஆர்?"

வாமதேவன் தேங்காய் மூட்டையின் மேல் இருந்துவிட்டார்.

"சிவமணி அண்ணை," என்றார்.

இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை. இந்தத் தெருவில் அதை ஒருவரும் உச்சரிப்பதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஐரோப்பாவுக்கென்று ஊரைவிட்டு வந்த பதினொரு பேர் அந்தக் காட்டுக்குள் ஒரு மரக்கொட்டிலில் கிடந்தார்கள். பத்திரங்களையெல்லாம் எறியச் சொல்லி ஏஜென்ட் உத்தரவு. அட்டையை எறிய மனம் வராமல் வாமதேவன் தன் ஜாக்கெட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார். அங்கே அவருக்குக் காய்ச்சல் கண்டது. சிவமணி தன் தடித்த கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, அவருடைய மெல்லிய ஜாக்கெட்டைத் தான் போட்டுக்கொண்டார். வாகனத்தில் ஆறு பேருக்குத்தான் இடம் என்று சொன்னபோது, 'காய்ச்சல்காரன் முதல் போகட்டும், நான் பின்னாலை வாறன்' என்று ஏற்றியும் விட்டார்.

"அதுக்குப் பிறகு நான் அவரைக் காணேல்லை. அவர் வேறை வழியாலை எங்கையாவது போய்ச் சேர்ந்திருப்பார், அட்டையும் அவரோடைதான் இருக்கும் எண்டு நினைச்சன்."

"தேடேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"தேடினால் என்னத்தைக் கண்டுபிடிப்பனோ எண்டு பயம்."

கீர்த்தனன் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறந்து அவர் கையில் வைத்தான். அவர் குடிக்கவில்லை.

இன்னும் ஒன்று இருந்தது. சொல்லக் கூசியது, ஆனாலும் சொன்னார். சிவமணியின் மனைவி தில்லைநாயகி நான்கு வருடம் கழித்துப் பாரிஸ் வந்து சேர்ந்தாள். இதே தெருவில், மூன்று கடை தள்ளி, சேலைச் சட்டை தைக்கிறாள். கணவன் உக்ரைனில் ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பமாக இருக்கிறான் என்று அந்த நாளில் ஒரு கதை எழும்பியது. கடைக்கு வந்த ஒருவர், 'நீர் கூட வந்தனீர்தானே, உண்மையோ?' என்று கேட்டார். வாமதேவன் அரிசி நிறுத்துக்கொண்டே, 'இருக்கும்' என்றார். அவ்வளவுதான். கூட வந்தவனே சொல்லிவிட்டான் என்று அந்தச் சொல் தெரு முழுதும் நடந்து, கடைசியில் தில்லைநாயகியின் வாசலில் போய் நின்றது. அன்றிலிருந்து அவள் கணவனின் பெயரை எடுப்பதில்லை.

ஒருவருக்குக் கெடுதல் நினைக்காமலே அவருடைய வாழ்க்கையை அழித்துவிடலாம் என்று வாமதேவன் அதுவரை அறிந்திருக்கவில்லை. கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பசித்து வந்தவனுக்குப் பாண் கொடுத்து அனுப்புகிறவர். தான் நல்லவன் என்றே நம்பியிருந்தார்.

"தில்லைநாயகி அன்ரிக்குத் தேர் முடியச் சொல்லலாமே மாமா," என்றான் கீர்த்தனன் மெதுவாக. "நல்ல நாள் நேரத்திலை வேண்டாம்."

வாமதேவன் படத்தை இன்னொரு முறை பார்த்தார். தமிழ் தெரியாத ஒருத்தி இருபத்தாறு வருடம் இந்தச் சுழிகளுக்கு மை தீட்டியிருக்கிறாள்.

"இப்பவே போவம்," என்று எழுந்தார்.

தில்லைநாயகி தையல் இயந்திரத்தில் இருந்தாள். தலை நிமிராமலே, "தைக்கத் தந்த சட்டையெண்டால் இன்னும் முடியேல்லை," என்றாள்.

"நான் அக்கா. வாமதேவன்."

"என்ன, குடும்பத்தோடை வந்திருக்கிறீர்?"

"சிவமணி அண்ணையைப் பற்றி ஒரு கதை."

"அந்தப் பேரை இஞ்சை எடுக்க வேண்டாம் தம்பி. அவர் எங்கையோ நல்லா இருக்கட்டும்."

"அவர் இல்லை அக்கா. தொண்ணூற்று மூண்டிலேயே இல்லை."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுடைய கால் மிதியிலிருந்து எடுபடவில்லை. ஊசி துணியின் விளிம்பைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் குத்திக் குத்தி நூலைச் சிக்காக்கியது. லக்ஷனா குனிந்து இயந்திரத்தின் மின் ஆளியை அணைத்தாள்.

வாமதேவன் எல்லாவற்றையும் சொன்னார். கோட்டு, கொட்டில், ஆறு பேருக்கு இடம். 'இருக்கும்' என்ற சொல்லையும் மறைக்கவில்லை. சொல்லும்போது தன் குரலே வேறு யாரோ பேசுவதுபோல் அவருக்குக் கேட்டது. தில்லைநாயகி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரவில்லை.

"ஆர் குளிப்பாட்டினது?" என்று கேட்டாள்.

"நீனாவின்ரை தாய், அன்ரி," என்றாள் லக்ஷனா. "தண்ணி சுட வைச்சு. நீனா சொன்னவ."

"சுடுதண்ணியிலை," என்றாள் தில்லைநாயகி. "நல்லது." பிறகு வாமதேவனைப் பார்த்தாள். "அந்தக் கோட்டுக்குப் பொத்தான் மாத்தித் தைச்சது நான். அது இப்ப எங்கை?"

"ரெண்டு குளிருக்குப் போட்டனான் அக்கா. மூண்டாம் வருசம் கார் து நோர் ரயில் ஸ்டேசன் வாசலிலை ஒருத்தர், புதிசா வந்தவர், வெறும் சேட்டோடை நடுங்கிக்கொண்டு நிண்டார். அவருக்குக் குடுத்திட்டன்."

"குடுத்தீர்தானே?"

"ஓம்."

அவள் தலையை அசைத்தாள். அது மன்னிப்பா என்று வாமதேவனுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை தனக்கு உண்டென்றும் தோன்றவில்லை.

"நீர் சொன்ன அந்தச் சொல்லை நான் எப்படி விழுங்கப்போறன் எண்டு எனக்குத் தெரியாது," என்றாள். "இருபது வருசத்துக்கு மேலை அவரைத் திட்டிக்கொண்டு படுத்தனான். குளிருக்குள்ளை நிண்ட மனுசனை." மேசையின் மேல் தலையைக் கவிழ்த்தாள். லக்ஷனா அவள் முதுகில் கை வைத்தாள். வாமதேவன் கதவோரம் அசையாமல் நின்றார்.

வெளியே யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். கீர்த்தனன் போய், பிறகு வரச்சொல்லி அனுப்பினான்.

தில்லைநாயகி எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். "அந்த நீனாவோடை கதைக்கலாமோ?"

"ஓம் அன்ரி. நம்பர் இருக்கு. படம் அனுப்பலாம்."

"உங்கடை அப்பாவின்ரை பேர் அங்கை எதுக்கு? இவர் உயிரோடை நிக்கிறார்." சட்டைக்கு வெட்டுகிற மண்ணிறக் கடதாசிச் சுருளை இழுத்து மேசையில் விரித்தாள். "அவ எழுத்தைப் பார்த்துத்தானே கீறுவா. வடிவா, பெரிசா எழுதினால் பிழைக்காது."

"சிலுவையிலை எழுதுறது உங்களுக்கு..." என்று கீர்த்தனன் இழுத்தான்.

"அவ தனக்குத் தெரிஞ்ச மாதிரி இவரைத் தன்ரை சாமியிட்டைக் கையளிச்சிருக்கிறா. சாமி வாங்கியிருக்கும்."

தடித்த கறுப்புப் பேனையைத் திறந்தாள். 'சி' எழுதும் முன்பே கடதாசி இரு பக்கமும் சுருண்டு அவள் கையை மூடியது. அவள் நிமிர்ந்து கதவோரம் பார்த்தாள்.

"ஏன் அங்கையே நிக்கிறீர்? வந்து அந்தப் பக்கத்தைப் பிடியும்."

வாமதேவன் வந்தார். இரண்டு கைகளாலும் கடதாசியை மேசையோடு அழுத்திப் பிடித்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாக, ஒருபோதும் தமிழ் படிக்காத ஒருத்திக்கும் விளங்கும்படி, எழுதத் தொடங்கினாள்.