சுவருக்கு உள்ளே ஓர் இடம்

மங்களூரில் எங்கள் ஊர்க் கோயிலில், முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்தவர் பியாத் மாஸ்டர். ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற விவஸ்தையே அந்த மனுஷருக்குக் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகும் சிசு மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்ற இடத்தில் கிடக்கும் என்றார். அங்கே நெருப்பு இல்லையாம். ஆனால் கடவுளும் வரமாட்டார், அம்மாவும் வரமாட்டாள். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். முடிவே இல்லை என்றார். மணியே அடிக்காத கணக்கு வகுப்பைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் அவரே சொன்னார். உயிர் இருக்க வேண்டும், தலையில் தண்ணீர் ஓட வேண்டும், வார்த்தை பிசகக்கூடாது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஞானஸ்நானம் கொடுக்காமல் நான் விட்டுவைக்கவில்லை.

ஆகஸ்ட் மழையில், மாதம் நிறையும் முன்பே அம்மாவுக்கு வலி கண்டது. பிறந்த தம்பி அழவில்லை. மருத்துவச்சி நத்தாலின் அவனைத் துணியில் சுற்றி முறத்தில் கிடத்தினாள். போய்விட்டது என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, முந்திரி மரத்தடியில் குழி வெட்டும்படி வாசலில் அப்பா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்வது என் காதில் விழுந்தது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு உள்ளே இடம் கிடையாது. செத்த நாயையும் அந்த மரத்தடியில்தான் புதைப்பார்கள்.

செம்பை எடுத்து அவன் தலையில் ஊற்றினேன். வார்த்தைகளைப் பிசகாமல் சொன்னேன். நெற்றி சில்லென்று இருந்தது. உயிர் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நேராக அப்பாவிடம் போனேன்.

"அவன் வாயைத் தொறந்தான்ப்பா. நான் தண்ணி ஊத்தினேன். அப்புறம்தான் போனான். இனாசின்னு பேர் வெச்சிருக்கேன்."

அப்பா குடைகூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பாதிரியாரைக் கூட்டிவந்தார். அவர் என்னை நிற்கவைத்து மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மூச்சு இருந்தது என்றேன். நத்தாலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சாயங்காலமே இனாசி சுவருக்கு உள்ளே போனான். ஞானஸ்நானம் பெற்ற சிசுவுக்குத் துக்க மணி கிடையாது, திருவிழா மணிதான். அது அடித்து ஓயும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. பொய்யை ஒப்புக்கொண்டால் தம்பியைத் தோண்டி வெளியே எடுத்துவிடுவார்கள், அவனுக்கு மோட்சமும் போய்விடும். மறைத்துவிட்டு நற்கருணை வாங்கினால் எனக்கு நரகம், அதுவும் முடிவில்லாமல். இரண்டு பேரில் ஒருத்தர் போனால் போதும் என்று முடிவு செய்தேன். மாஸ்டர் மேலும் கடவுள் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெல்லம் திருடித் தின்றதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

மறுநாள் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நற்கருணைக்கு நாக்கை நீட்டினேன். வாயெல்லாம் ரத்தம் கொட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

பூசை முடிந்ததும் அம்மா என்னை மட்டும் தம்பியின் குழிக்குக் கூட்டிப்போனாள்.

"செவ்ரின், நேத்து பாதிரியார்கிட்ட சொல்லிட்டியா?"

"எதைம்மா?"

"அவன் பொறக்கறதுக்கு ரெண்டு நாள் முந்தியே வயித்துல அசைவு நின்னுபோச்சுடி. எனக்குத் தெரியாதா?"

சொல்லவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டிவருமே என்று அன்றிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கே போகவில்லையாம். என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாத. நரகத்துல உன்னைத் தனியா விடமாட்டேன். நானும் வந்துடுவேன்."

ஒரு நிமிஷம் எனக்கு அப்படியொரு நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது.

"அப்போ மோட்சத்துல இனாசிய யாரும்மா தூக்கி வெச்சுப்பாங்க?"

அம்மாவின் கை என் தோளிலிருந்து நழுவியது. நல்ல சேலையோடு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அவள் அதை யோசித்திருக்கவே இல்லை.