சட்டை என்றார் அப்பா

டாக்டர் அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டார். முதல் முறை மேசைக்குப் பின்னாலிருந்து. இரண்டாவது முறை நாற்காலியை அப்பாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக. "கழுத்து ரத்தக்குழாயில இருக்கற அடைப்பை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாங்களா? உங்களுக்குச் சம்மதமா?" அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டை" என்றார். அறையில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டாக்டர், அம்மா, மாமா, கதவோரம் நின்ற நர்ஸ் அக்காகூட.

அப்பா பேசினால் என்னைப் பார்ப்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். நாலு மாதமாக அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. எந்தச் சட்டை தண்ணீர், எந்தச் சட்டை போதும், எந்தச் சட்டை ஃபேனைக் குறை என்பதெல்லாம் நான்தான் சொல்கிறேன். இதுவரை தப்பியதில்லை. இன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

காலையில் மறுபடியும் கேட்பார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் கால்களை மடக்கிக்கொண்டு தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட இங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

அப்பா ஒரு பெரிய துணிக்கடையில் சட்டைப் பிரிவில் வேலை பார்த்தார். சின்ன வயதில் ஸ்கூல் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். அம்மா வேலை முடிந்து வரும் வரைக்கும் கவுண்டருக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஓர் இடம் இருந்தது. மடித்த சட்டைக்குள் வரும் மெல்லிய தாளும் குண்டூசியும்தான் என் விளையாட்டுச் சாமான்கள். பிரிக்காத துணியின் வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கும். அங்கேயிருந்து பார்த்தால் வருகிறவர்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். மேலேயிருந்து அப்பாவின் குரல் நிற்காமல் கொட்டிக்கொண்டிருக்கும். சட்டை எடுக்க வந்த ஆளை அவர் வெறும் சட்டையோடு அனுப்பியதே இல்லை.

"சட்டைன்னா லேசா நெனச்சிடாதீங்க சார். பாம்பு உரிச்சுப் போடுதே, அதுக்கும் சட்டைன்னுதான் பேரு. என்ன, அது டிரையல் ரூம் எங்கன்னு கேக்காது."

மாட்டிக்கொண்ட செருப்பு ஒன்று சிரிக்கும். சிரித்தால் போச்சு. "எங்கேர்ந்து வந்த வார்த்தைன்னு கேளுங்க. அதுல பெரிய சண்டையே இருக்கு. வேற பாஷையில சேலைத்துணிக்கு ஒரு பேர் உண்டு, அது இங்க வந்து காலர் வெச்சுக்கிச்சுன்னு ஒரு கட்சி. அதெல்லாம் இல்ல, சட்டகம்னா உடம்பு, அதுமேல ஏறி உக்காந்ததால சட்டைன்னு இன்னொரு கட்சி. உடம்பையே சட்டைன்னு சொன்ன ஆளுங்களும் இருந்திருக்காங்க. ஒருநாள் கழட்டிப் போட்டுட்டுப் போறதுதானேன்னு. எந்தக் கட்சி ஜெயிச்சாலும் சரி, உங்களுக்கு இந்த மெரூன்தான் எடுப்பா இருக்கும்."

மெரூன் விற்றுவிடும்.

ஒருநாள் ஓர் அம்மா வந்து, குழந்தைக்குச் சட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பா அடுக்கில் இருந்த சின்ன சட்டைகளையெல்லாம் இறக்கிப் பிரித்துப் போட, அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா சட்டை காட்டுங்களேன்" என்றாராம். அவர் வளர்ந்த இடத்தில் பெண் குழந்தைகள் போடும் கவுனுக்குத்தான் சட்டை என்று பேர். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு நேரத்தில் அப்பா இதையே சொல்லிச் சிரித்தார். "முப்பது சட்டையைக் காட்டியும் சட்டையே காட்டாத ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

எனக்குப் பதின்மூன்று வயது ஆனதும் அந்தப் பேச்சு அலுத்துப்போனது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். அம்மா அப்பாவிடம், "பாருங்க, உங்க பொண்ணு இப்பல்லாம் நம்மளைச் சட்டையே பண்றதில்ல" என்பாள்.

"அவ என்ன தையல்காரியா, சட்டை பண்றதுக்கு?" என்பார் அப்பா. அதோடு விடவும் மாட்டார். "ஆனா மதிக்கறதுக்கும் துணிக்கும் என்னடி சம்பந்தம்? அது ஒரே வார்த்தையா, இல்ல ஒரே பேர் வெச்ச ரெண்டு ஆளா? டேய் பொத்தான், நீ என்ன நினைக்கற?"

பொத்தான் என்பது நான். நான் ஒன்றும் நினைக்கவில்லை. இயர்போனில் அப்போது பாட்டுகூட ஓடிக்கொண்டிருக்கவில்லை. வெறுமனே செருகியிருந்தேன்.

அது நடந்த காலையில் அப்பா பனியனோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அந்த நீலச் சட்டை எங்க?" என்று கேட்டார். அதுதான் அவர் பேசிய கடைசி முழு வாக்கியம். "கண்ணுக்கு முன்னாடிதான தொங்குது" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். "சட்டை" என்றார் அப்பா. அம்மா ஈரக்கையோடு வந்து, கொக்கியிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டாள். அப்பா அதைப் பார்த்தார். இடது கையால் தடவினார். அம்மாவைப் பார்த்து மறுபடியும், "சட்டை" என்றார். "இதாங்க சட்டை." "சட்டை." அவர் ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நான் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டே சிரித்தேன். அம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் அவருடைய வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன, மூளையில் பேச்சு இருக்கும் இடத்திலும் அடிபட்டிருக்கிறது என்றார்கள். நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், நினைப்பும் உள்ளே இருக்கும், வெளியே வரும் வழிதான் அடைபட்டுவிட்டது. சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாசலில் தங்கிவிடும். எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். அம்மா அதை நம்பவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அப்பா சட்டை என்று சொல்லச் சொல்ல, அலமாரியில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாள். கோடு போட்டது, கட்டம் போட்டது, கல்யாணத்துக்கு எடுத்தது. கட்டில் கடைக் கவுண்டர் மாதிரி ஆகிவிட்டது. அப்பா அழுதார். அழுதுகொண்டே ஒரு சட்டையை முகவாயால் அழுத்திப் பிடித்து, இடது கையால் மடிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தது நான்தான். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சட்டை என்று சொன்னபோது கடைசியில் குரல் காய்ந்து கீழே விழுந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். அம்மாவைக் கூப்பிடும்போது முதல் எழுத்து நீளும். கோபம் வந்தால் நடுவில் ஓர் அடி விழும். சின்னதாக, வேகமாக இரண்டு தடவை சொன்னால் அது பொத்தான். முன்பு அவ்வளவு வார்த்தை கொட்டினாரே, அப்போது இப்படி ஒரு நாளாவது கேட்டிருப்பேனா தெரியாது.

மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் தோளைத் தட்டி, "மச்சான், ஒரே வார்த்தையில குடும்பம் நடத்தற ஆளு நீங்கதான். நான் நூறு வார்த்தை பேசியும் என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றார். அப்பா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்து, "சட்டை" என்றார். மாமா என் பக்கம் கையைக் காட்டி, "வேணாம்டா, நீ சொல்லாத. எனக்கே புரிஞ்சிடுச்சு" என்றார். அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்பில் பழைய கவுண்டர் குரல் கொஞ்சம் இருந்தது.

இன்றைக்கு வந்த சட்டை இந்த வகை எதிலும் சேரவில்லை. நீளவில்லை, விழவில்லை, அடியும் இல்லை. சட்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிப்பதுபோல இருந்தது. எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டாக்டர் போட்டிருந்த சட்டை அவருக்கு ஒரு சைஸ் பெரிது. தோள்பட்டைத் தையல் கையில் இறங்கி நின்றது. அப்பா நிஜமாகவே சட்டையைத்தான் சொன்னாரோ? நாலு மாதத்தில் அந்த ஓர் அர்த்தத்தை மட்டும் நான் பழகிக்கொள்ளவே இல்லை.

"தலையாட்டறதை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. ஆமான்னு நெனச்சுக்கிட்டு இல்லன்னு ஆட்டிடுவாங்க" என்றார் டாக்டர். அடைப்பை எடுத்தால் இன்னொரு தடவை இப்படி வராமல் தடுக்கலாம். ஆனால் எடுக்கும்போதே வந்துவிடவும் கூடும், சிலர் எழுந்திருக்காமலும் போயிருக்கிறார்கள். எதையும் அவர் மறைக்கவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா அவருக்கு என்ன விருப்பம்னு தெரிஞ்சுக்கிட்டா எனக்கும் நிம்மதி."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சொல்லு. நீ சொல்றதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

"தெரியலம்மா."

"தெரியலையா? தண்ணிக்குச் சொல்லுவ, ஃபேனுக்குச் சொல்லுவ. இதுக்கு மட்டும் ஊமையாயிடுவியா?"

"அக்கா, சின்னப் பிள்ளை அது" என்றார் மாமா.

"அப்ப நீ சொல்லேன், பெரிய பிள்ளை."

காலையில் பேசலாம், இன்றைக்கு ராத்திரி அவரோடேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்தார். அப்பா அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரம் முடிந்து மாமா கிளம்பிப் போனார். அம்மா வெந்நீர் பிடித்துவரக் கீழே போனாள். நான் கட்டிலில் ஏறி, அப்பாவுக்கு உணர்வு இருக்கும் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரி கவுன் அவர் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தது.

"அப்பா, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

டாக்டர் சொன்னதை முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். பண்ணாவிட்டால் என்ன ஆகலாம், பண்ணினால் என்ன ஆகலாம், இரண்டையும். "எனக்குப் பயமா இருக்குப்பா. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நான் தப்பா சொல்லிட்டா? இத்தனை நாளும் நான் சும்மா குத்துமதிப்பாதான் சொன்னேன். நீங்கதான் பாவம்னு எனக்காக ஒத்துக்கிட்டீங்களோ என்னவோ."

அப்பா உதட்டைத் திறந்தார். அந்த வார்த்தை வரப்போகிறது என்று நான் காதைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தார். அதில் இரண்டு விரலை மட்டும் பிரித்தெடுத்து, முகவாயைத் தூக்கி, தன் கழுத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். தோல் வெதுவெதுப்பாக இருந்தது, சவரம் செய்யாத மயிர் குத்தியது. அடியில் ஏதோ ஒன்று என் விரலைத் தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது. இங்கேதான் வெட்டச் சொல்கிறாரா, இது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறாரா? நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேறெதையும் இல்லை.

அம்மா ஃபிளாஸ்கோடு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னடி சொல்றாரு?"

நான் விரலை எடுக்கவில்லை, அப்பாவும் பிடியை விடவில்லை. அம்மா ஃபிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்தாள். குனிந்து, தன் விரலைக் கொண்டுவந்து என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.