இரைச்சல் நீக்கி

என் புருஷனுக்கு ஒரு பொருள் ஓசியில் கிடைக்கிறது என்றால் போதும், அது தேவையா என்ற கேள்வியே கிடையாது. எங்கள் கம்ப்யூட்டரில் குரலைக் கனமாக்க பிளகின் என்று ஒரு குட்டி மென்பொருள், மெலிசாக்க ஒன்று, குகைக்குள் நின்று பாடுவது போல் காட்ட ஒன்று, அந்தக் குகையைக் கொஞ்சம் சின்னதாக்க இன்னொன்று. எல்லாம் இலவசம். என் தங்கை அவருக்கு வைத்திருக்கும் பெயர் இலவச மாமா. மனிதர் அதைப் பட்டம் போல வாங்கிக்கொண்டார்.

பகலில் கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறார். வீட்டுக்கு வந்துவிட்டால் சவுண்ட் இன்ஜினியர். படுக்கையறை அலமாரியைத் திறந்து, இரண்டு கதவிலும் போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தினால் அதுதான் ஸ்டுடியோ. நான் மடித்து வைத்த துணிகளைப் பார்த்துப் பாடுவேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்குவார்.

குழந்தைகளுக்கு ஒலிக்கதை தயாரிக்கிற ஒரு கம்பெனி தலைப்புப் பாட்டுக்குக் குரல் தேடுகிறது. பாடி அனுப்ப இன்று மாலைதான் கடைசி. துணிக்கடை பில் கவுன்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாதமாக அவர் வாயிலிருந்து வந்தது ஒரே பேச்சுதான்.

"பாட்டு எறங்கி வந்து நிக்கிற எடத்துல உன் குரலே காணாமப் போகுது. அடிவயித்துலருந்து பாடு."

பாடினேன். வெந்நீராகக் குடித்துப் பாடினேன், வயிறு வலிக்கப் பாடினேன். திரும்பப் போட்டுக் கேட்டால், பாட்டு கீழே இறங்கி நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் என் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "ரெக்கார்டிங் சுத்தமா இருக்கு. குரல்தான்..." என்று இழுப்பார். நேற்று இழுக்கக்கூட இல்லை. "வயசாகுதுல்ல, விட்டுடேன். எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?"

நான் அதை நம்பித் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று எனக்கு வார லீவு. காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடி, போனில் பதிவு செய்து தங்கைக்கு அனுப்பினேன். உண்மையைச் சொல், என் குரல் போய்விட்டதா என்று கேட்டேன்.

உடனே கூப்பிட்டாள். "எவன்க்கா சொன்னான்? குழாய்ச் சத்தத்தையும் தாண்டி கணீர்னு கேக்குது. இலவச மாமா எதையாவது போட்டுக் கெடுத்து வெச்சிருப்பாரு. போய்ப் பாரு மொதல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ தொட்டால் செட்டிங் போய்விடும் என்று மிரட்டி வைத்திருந்த நாற்காலி. என் குரல் மேல் வரிசையாக அடுக்கியிருந்த பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துக் கேட்டேன். குகை போனது. பளபளப்பு போனது. தண்ணீர் மட்டும் போகவில்லை. மிச்சமிருந்தது இரைச்சல் நீக்கி. அதையும் அணைத்தேன். பாட்டு இறங்கிய இடத்தில் என் குரல் முழுசாக வந்து நின்றது. பின்னால் ஃபேன் சத்தம் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டுமே.

இந்த நீக்கிக்கு முதலில் ஒரு துண்டு இரைச்சலைப் போட்டுக் காட்டிப் பழக்க வேண்டும். அப்புறம் அதே மாதிரி எது வந்தாலும் கழித்துவிடும். இதை அவரே எனக்குப் பெருமையாக விளக்கியிருக்கிறார். அவர் பழக்கிய துண்டைத் தேடிப் பிடித்து ஓட்டினேன். ஃபேன். அறை வாசலில் இருக்கும் ஃப்ரிட்ஜ். அதற்கும் மேலே, மைக்குக்குப் பக்கத்திலேயே, ஒரே சுருதியில் நீளமாக ஒரு 'ம்ம்ம்'. பாட்டு இறங்கி நிற்கிற அதே சுருதி. நான்தான், அலமாரி முன்னால் நின்று துணியை அடுக்கிக்கொண்டே சுருதி பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

மதியம் சாப்பிட வந்தவரைச் சாப்பிட விடவில்லை. ஹெட்போனைத் தலையில் மாட்டி அந்தத் துண்டைப் போட்டேன்.

"என்ன கேக்குது?"

"ஃபேன். ஃப்ரிட்ஜ்."

"வேற?"

"வேற என்ன? வழக்கமான சத்தம்தான்."

வால்யூமை ஏற்றினேன். அவர் முகம் மெல்ல மாறியது.

"அட, இது நீயா? நீதான் எப்பப் பாத்தாலும் முனகிக்கிட்டே இருப்பியே. வீட்டுச் சத்தத்தோட சத்தமா போயிடுச்சு. காதுலயே விழல."

"என் குரல்லருந்து என் குரலையே கழிச்சுட்டு, வயசாயிடுச்சுன்னு வேற சொன்னீங்க!"

"தெரிஞ்சா செஞ்சேன்? கோவப்படாத. இதவிட நல்லதா புதுசா ஒண்ணு வந்திருக்கு. அதுவும் இலவசம்தான்..."

நான் தட்டை வைத்த வேகத்தில் டம்ளர் கவிழ்ந்து மேஜையெல்லாம் தண்ணீர். அவர் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் எந்தப் பூச்சும் இல்லாத என் பாட்டை, ஃபேன் சத்தத்தோடு, அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டால் இந்தக் குரலை எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. காய் நறுக்கினேன், வீடு கூட்டினேன், காய்ந்த துணியை மடித்தேன். தொண்டை வரை வந்த சுருதியையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் நடுவீட்டில் நின்றுவிட்டார். ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சா? வீட்டுல ஏதோ சத்தம் கொறையுதே."

"அது நல்லாத்தான் ஓடுது," என்றேன்.

அவர் கதவை மூட மறந்து அங்கேயே நின்றார்.