செமிசியின் இடது கால் பூட்ஸ்

1
லோசலின் எழுதாமல் விட்ட ஒரு பக்கத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மாங்கரே பகுதியில் உள்ள ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவள் ஆசிரியை, நான் சமையல்காரி. பிள்ளை ஒவ்வொன்றும் என்ன கற்றது என்று வாராவாரம் ஒரு கதை எழுதி, படம் ஒட்டிக் கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை பெற்றோர் வாசிப்பார்கள்.

2
"பதினெட்டு மாதச் செமிசி அன்று ஒரு மாவீரனைப் போல—"

இப்படித்தான் எழுதத் தொடங்கினேன். மாவீரனாவது மண்ணாங்கட்டியாவது. மூக்கு ஒழுகத் தரையில் உட்கார்ந்து, ரப்பர் பூட்ஸுக்குள் இடது காலை நுழைக்கப் பார்த்தான். ஏழெட்டு முறை தோற்றும் அழவில்லை. லோசலின் கேமராவில் படமெடுத்துவிட்டுக் கைதட்டினாள். பூட்ஸை அப்படியே கீழே போட்டுவிட்டு, தன் படத்தைப் பார்க்க ஓடிவந்தான்.

அதிலிருந்து பூட்ஸை அவள் மடியில் வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். காலை நீட்டமாட்டான். மூன்று நாள் இப்படி.

(கற்பதைப் பற்றி எழுதப்போய்க் கற்பதையே கெடுப்பது எங்கள் தொழிலில்தான் நடக்கும்.)

3
கதையின் இந்த இடத்தில் லோசலினை அழவைத்து எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் அவள் சமையலறைக்கு வந்து, என் ரொட்டி அலமாரியில் கேமராவைப் பூட்டினாள்.

"நான்தான் கெடுத்தேன் அக்கா. அவனுக்கு அந்த பூட்ஸே போதுமா இருந்துச்சு. நான் போயி நடுவுல நின்னுட்டேன்."

வெள்ளிக்கிழமை பூட்ஸை அவனருகில் வைத்துவிட்டு, உதவத் துடிக்கும் கைகளைத் தொடைக்கடியில் செருகி உட்கார்ந்தாள். அவன் கேமராவைத் தேடினான். சிணுங்கினான். அவள் சிரித்தாளே தவிர அசையவில்லை. இருபது நிமிடம்! சும்மா இருப்பது எத்தனை பெரிய வேலை என்று அன்றுதான் கண்டேன். அவள்மேல் எனக்குக் கொள்ளை மரியாதை.

கடைசியில் அவனே பூட்ஸை இழுத்தான்.

4
அந்நேரம் பார்த்து அவன் அம்மா விக்கா வந்துவிட்டாள். ஆப்பிள் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் கணவனுக்கு அனுப்ப, இந்த வாரக் கதை எங்கே என்று கேட்டாள்.

"எழுதல. இப்பதான் நடக்குது. உக்காந்து பாரு" என்றாள் லோசலின்.

செமிசியின் பாதம் மடங்கி பூட்ஸுக்குள் சிக்கிக்கொண்டது. விக்காவின் கை தானாக நீண்டது.

முடிவு ஒன்று: கால் உள்ளே போகிறது, எல்லோரும்—
முடிவு இரண்டு: அம்மாவே மாட்டிவிடுகிறாள், அவனும்—

இரண்டையும் அடித்துவிட்டேன். எழுத்தில் நான் மாட்டிவிட்டால் மட்டும் அது நடுவில் போய் நிற்பது ஆகாதா?

விக்காவின் கை பாதியில் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி அவள் தொடைக்கடியில் போனது. செமிசி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேனாவை மூடிவிட்டு நானும் கைகளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் உட்காருங்கள்.