நெருப்புக் குழியும் ரொட்டி தொடாதவனும்

ரொட்டியைத் தொடாத விருந்தாளியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் கரகும் பாலைவனத்தில் ஒருவன் ஒரு வீட்டு ரொட்டியையும் உப்பையும் தின்றுவிட்டால் அந்த வீட்டுக்கு அப்புறம் அவன் கேடு நினைக்க முடியாது. நினைத்தால் வயிறு வீங்கிவிடும். என் தாய்மாமன் ஒருவருக்கு அப்படி வீங்கி, கூடார வாசலில் நுழைய முடியாமல் ஒரு குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே கிடந்தார்.

அதனால் வேபா என்கிற அந்த நகரத்து ஆள், என் மனைவி ஓகுல்கெரெக் வைத்த சூடான ரொட்டியைப் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லம்மா" என்று பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. பிஸ்கட்டுக்கு விசுவாசம் கிடையாது.

எங்கள் நெருப்புக் குழியைப் பார்க்க அஷ்காபாத்திலிருந்து வந்ததாகச் சொன்னான். பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் போய்விடுவார்கள். இவன் ஒரு வாரம் தங்கப்போகிறானாம். கையில் ஒரு கறுப்புப் பெட்டி வேறு.

குழி எங்கள் வீட்டுக்கு வடக்கே எரிகிறது. அடியிலிருந்து வாயு வந்துகொண்டே இருப்பதால் அணைவதில்லை. வடக்குக் காற்று அடிக்கிற நாளில் எங்கள் ஒட்டகம் காய்ச்சின பாலையே கறக்கும். ஓகுல்கெரெக் இதை நம்புவதில்லை. குடிக்க மட்டும் செய்கிறாள். அந்த நெருப்பை அணைக்க ஆள் வரப்போகிறது என்று பக்கத்து மேய்ப்பன் இதால்மாஸ் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அணைத்தால் என் கதை முடிந்தது. இரண்டு வருஷமாக என் கண்ணில் புகை மூடிக்கொண்டு வந்தது. ஒட்டகமும் மணல்மேடும் ஒன்றாகத் தெரிந்தன. அந்தி சாய்ந்தால் அந்தச் சிவப்பு ஒன்றுதான் தெரியும். அதை இடது தோள்பக்கம் வைத்துக்கொண்டு நடந்து வீடு சேர்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மகன் மெர்கென் ஒட்டகங்களை விற்றுவிட்டு, என்னைத் தன் ஐந்தாவது மாடி வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவான். போதாததற்கு அந்தச் சிவப்பும் நாளுக்கு நாள் சுருங்கியது. அடியில் எவனோ குழாய் போட்டு வாயுவைத் திருடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். என் கண்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, வெளியில் கேட்பவர்களிடம் மட்டும் நெருப்பு வளர்கிறது என்றே சொல்லிவந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வேபா என்னைக் குழி ஓரத்துக்கு அழைத்துப்போனான்.

"பெரியவரே, நெருப்பு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"ஜோராத் தெரியுது. போன மாசத்தவிட ஒரு முழம் வளந்திருக்கு."

"ரெண்டு கண்ணுக்குமா?"

"ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி நெருப்பா எரியுது? என்ன கேள்வி தம்பி இது?"

"சரி, அந்தப் பக்க விளிம்புல நிக்கிறது யாரு?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு பேர் காவலுக்கு இருக்கிறார்கள் என்று காட்டிக்கொள்வது நல்லது என்று பட்டது. "என் ஒறவுக்காரங்க. இந்த நெருப்ப நம்பிப் பொழைக்கிறவங்க. அணைக்க வந்தவன உள்ள தள்ளிடுவாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தன் மட்டும் கொஞ்சம் சாது."

அங்கே நின்றது இதால்மாஸின் கழுதை என்று பிறகுதான் தெரிந்தது. வேபா பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பியதும் ஓகுல்கெரெக்கைத் தனியாகக் கூப்பிட்டேன். "காய்ஞ்ச ரொட்டிய இடிச்சுக் கறி சூப்புல கரைச்சு விடு. உப்பத் தாராளமாப் போடு."

"விருந்தாளிய ஏமாத்தறது பாவமில்லையா, கெழவா?"

"கேடு நெனைக்கிறவன் என்னடி விருந்தாளி?"

உடனே உலக்கையை எடுத்துவிட்டாள். நான் சொன்னதற்கு ஒரே ஒரு கேள்வியோடு அவள் அடங்கி நான் பார்த்ததில்லை. அவள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

வேபா இரண்டு கிண்ணம் குடித்தான். "சூப்பு நல்லா கெட்டியா இருக்கும்மா."

"ரொட்டி கரைச்சா கெட்டியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. கரண்டி கீழே விழுந்தது கேட்டது.

"உப்பு?" என்றான்.

"ரெண்டு பிடி" என்றாள் ஓகுல்கெரெக்.

வேபா பெருமூச்சு விட்டான். "நான் நெருப்ப அணைக்க வரல, பெரியவரே. கண் டாக்டரு. உங்க மகன் அனுப்பினாரு. கூட இருந்து பாத்துட்டு, 'இவரு இங்க இருக்க லாயக்கில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஒட்டகத்த வாங்க ஆள்கூடப் பாத்து வெச்சிருக்காரு. உங்க ரொட்டியத் தின்னுட்டு இனி அத எப்படிச் சொல்றது?"

"அப்ப வாயுவத் திருடறது யாரு?"

"யாரும் திருடல. உங்க கண்ணுல புரை."

நான் ஓகுல்கெரெக் பக்கம் திரும்பினேன்.

"என்ன ஏன் பாக்கற? ஆமா, மகன்கிட்டச் சொன்னது நான்தான். டாக்டர அனுப்புன்னு சொன்னேன், வீட்டக் காலி பண்ணுன்னா சொன்னேன்? மாவுன்னு நெனைச்சு உப்ப அள்ளிப் போடற மனுஷனோட எத்தன நாள் குப்ப கொட்டறது? அஞ்சாவது மாடிக்கு நீ வேணா போ. நான் வரல."

வேபா பெட்டியைத் திறந்து ஒரு விளக்கை என் கண்ணில் அடித்தான். புரையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகவும், மகனிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னான். ரொட்டி அதன் வேலையைச் செய்தது. போகும்போது அவனுடைய பெட்டியை நான்தான் வண்டியில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் என் கண்ணிலிருந்து எடுத்த புரை ஒரு சின்னக் கம்பளம் அளவுக்கு இருந்ததாம். நான் பார்க்கவில்லை, கண்ணைக் கட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் ஒட்டகம் ஒட்டகமாகவும் மேடு மேடாகவும் தெரிந்தன. ஓகுல்கெரெக்கிடம், உனக்கு எப்போது இவ்வளவு சுருக்கம் விழுந்தது என்று கேட்டேன். அன்று எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை. நானே எழுந்து குழிக்குப் போனேன்.

நெருப்பு பாதிதான் இருந்தது. அடியில் வெறும் மண் தெரிந்தது.

"இதால்மாஸ், மிச்ச நெருப்பு எங்கடா?"

"ரெண்டு வருஷமாக் கொறைஞ்சுகிட்டேதான வருது. நீதான் வளருது வளருதுன்னு ஊரெல்லாம் சொன்ன."

வீட்டுக்கு வழி இப்போது நெருப்பில்லாமலே தெரிகிறது. அந்தக் கவலை இல்லை. ஆனால் வாயுவை யாரும் திருடவில்லை என்று சொன்னவன் வேபா. ரொட்டி தின்ற பிறகு அவன் கை வைத்திருக்க மாட்டான், அதற்கு நான் பொறுப்பு. தின்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியோடு குழி ஓரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் கேள்வி. அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது எனக்குக் கை சுட்டது.